கள்ளச் சாவியின் செய்முறைத் தாள்

நூல்களுக்கு மதிப்புரை எழுதுவதுதான் வழக்கம். இம்முறை நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு பக்கம்கூட நிரம்பாத ஒரு செய்முறைத் தாள். ஆசிரியர் பெயர் இல்லை, பதிப்பித்தவர் பெயர் இல்லை, விலையும் இல்லை. ஆனால் நம் மாணவர்களுள் பலர் எந்தப் பாடநூலையும் படிக்காத அளவுக்கு இதைக் கவனமாகப் படித்து, வரிக்கு வரி அதன்படி நடக்கிறார்கள். அவ்வளவு பேர் நம்பும் ஓர் எழுத்தை ஒரு முறையாவது ஆராய்ந்து பார்க்க வேண்டாமா?

விண்டோஸ் இயக்க அமைப்பைப் பணம் கட்டாமலே "செயல்படுத்தி"த் தருவதாகச் சொல்லும் கருவி ஒன்றுடன் சேர்ந்து வந்த தாள் அது. அதன் சாரம் இது: வைரஸ் தடுப்பு மென்பொருளை நிறுத்திவிடுக. கட்டாக வந்துள்ள கோப்பை இந்தக் கடவுச்சொல் கொடுத்துப் பிரித்துக்கொள்க. நிர்வாகி உரிமையோடு இயக்குக. எச்சரிக்கை ஏதேனும் வந்தால் அது பொய் எச்சரிக்கை, அஞ்ச வேண்டா. இந்தக் கோப்புறையைச் சோதனையிலிருந்து விலக்கி வைக்குக. இனிமேல் மேம்பாடுகளை ஏற்காமல் இருப்பது நல்லது.

இது என் கைக்கு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 2023 மார்ச்சில் என்னிடம் எம்.எஸ்ஸி. ஆய்வேடு செய்துகொண்டிருந்த மாணவர் ஒருவர், கெய்கர் எண்ணியை வைத்துக்கொண்டு, வளிமண்டல அழுத்தம் ஏறும்போது விண்கதிர்களின் எண்ணிக்கை எவ்வளவு குறைகிறது என்று அளந்துகொண்டிருந்தார். பத்து விநாடிக்கு ஓர் அளவீடு. அளவீடுகள் அவருடைய மடிக்கணினியில் பதிவாகிவந்தன. யாரோ பயன்படுத்தி விற்ற மடிக்கணினி அது. விற்ற கடைக்காரர் இயக்க அமைப்பையும் "போட்டு"க் கொடுத்திருந்தார். 47 நாள் ஆனபின், திரையின் மூலையில் விண்டோஸைச் செயல்படுத்துமாறு கேட்கும் மங்கலான எழுத்துகள் தோன்றின. பையன் ஒரு கருவியைத் தேடி இறக்கிக்கொண்டார், தாளைப் படித்தார், அதன்படியே செய்தார். சற்று நேரத்தில் விண்டோஸ் மேம்பாடு நடப்பதாக ஒரு சாளரம் தோன்றியது. அது பொய்ச் சாளரம். அதன் பின்னால் அவருடைய கோப்புகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டுக்கொண்டிருந்தன. எல்லாக் கோப்புப் பெயர்களின் வாலிலும் நான்கெழுத்து ஒன்று ஒட்டிக்கொண்டது. 980 டாலர் கட்டினால் திறக்கலாம், 72 மணி நேரத்துக்குள் கட்டினால் பாதிதான் என்று ஒரு கடிதமும் கிடந்தது. அன்றைய மதிப்பில் 980 டாலர் என்பது ஏறக்குறைய 81,000 ரூபாய். அவருடைய மடிக்கணினியைப் போல் சில மடிக்கணினிகள் வாங்கிவிடலாம்.

ஸ்டாப் அல்லது டிஜேவு என்று பெயர் பெற்ற பணப்பறிப்பு மென்பொருள் அது. பூட்டுடைப்பான்களுக்குள்ளும் செயல்படுத்தும் கருவிகளுக்குள்ளும் ஒளிந்து பரவுவதே அதன் தொழில். பெரிய நிறுவனங்களைத் தேடி அது போவதில்லை. நம் மாணவரைப் போன்றவர்களே அதன் வாடிக்கையாளர்கள்.

இனி தாளுக்கு வருவோம். அதைப் புரிந்துகொள்ளக் கருவி என்ன செய்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்தபோது, வாங்கியவர் இணையம் வழியாகவோ தொலைபேசி வழியாகவோ மைக்ரோசாஃப்டிடம் தம் பிரதியைப் பதிந்து செயல்படுத்த வேண்டும் என்ற முறை வந்தது. ஆயிரம் கணிப்பொறிகள் உள்ள ஓர் அலுவலகத்தில் ஒவ்வொன்றுக்கும் இப்படிச் செய்வது பெருந்தொல்லை. ஆகவே விண்டோஸ் விஸ்டா காலத்தில் வேறு ஏற்பாடு செய்தார்கள். நிறுவனத்துக்குள்ளேயே ஒரு கணிப்பொறி சாவிக் காவலராக இருக்கும். மற்றவை அதனிடம் கேட்டுச் செயற்பாட்டைப் பெற்றுக்கொள்ளும். கே.எம்.எஸ். என்று இதற்குப் பெயர். குறைந்தது 25 கணிப்பொறிகளாவது கேட்டால்தான் காவலர் இசைவார். கொடுத்த இசைவும் 180 நாளைக்குத்தான் செல்லும். கணிப்பொறிகள் 7 நாளைக்கு ஒரு முறை காவலரைத் தேடிப் புதுப்பித்துக்கொள்ள முயலும்.

கள்ளக் கருவிகளில் பெரும்பாலானவை செய்வது என்னவென்றால், உங்கள் கணிப்பொறிக்குள்ளேயே ஒரு போலிக் காவலரை உட்கார வைப்பதுதான். கணிப்பொறி தன்னிடமே கேட்டுக்கொள்கிறது. "ஆம், இங்கே இருபத்தைந்துக்கு மேல் இருக்கிறோம்" என்று தனக்குத்தானே பதில் சொல்லிக்கொள்கிறது. வகுப்புக்கு வந்த ஒருவன் வராத தோழர்களுக்கெல்லாம் குரலை மாற்றி மாற்றி "உள்ளேன் ஐயா" சொல்லும் வித்தையை நாம் அறிவோம். அதுவேதான் இது. வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் வேடிக்கைக்குப் பின்னால் ஒரு செய்தி உண்டு. இசைவு 180 நாளில் காலாவதியாகும் ஆதலால், போலிக் காவலர் தம் வேலையை முடித்துவிட்டுப் போய்விட முடியாது. கணிப்பொறியைத் திறக்கும்போதெல்லாம் விழித்துக்கொண்டு உள்ளேயே இருக்க வேண்டும், அதுவும் உயர்ந்த அதிகாரத்தோடு. "ஒரு தடவை ஓட்டினால் போதும், சார்" என்று மாணவர்கள் சொல்கிறார்கள். ஓட்டுவது ஒரு தடவைதான். உள்ளே வந்தவர் குடியிருப்பது நிரந்தரமாக.

தாளின் முதல் வரியும் நான்காம் வரியும் ஒன்றை ஒன்று தாங்கி நிற்பவை: தடுப்பு மென்பொருளை நிறுத்து, அது கத்தினால் பொய்க் கத்தல். இந்தத் தாளில் மிகத் திறமையாக எழுதப்பட்ட பகுதி இதுதான். ஏனென்றால் இதில் பாதி உண்மை இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் தடுப்பு மென்பொருள் இத்தகைய கருவிகளைக் கண்டால் "ஹேக்டூல்" என்ற வகைப்பெயரும் "ஆட்டோ கே.எம்.எஸ்." என்ற பெயரும் இட்டு எச்சரிக்கும். அந்தப் பெயரின் பொருள், இஃது உரிமப் பூட்டை ஏமாற்றும் கருவி என்பதே. உங்கள் கடவுச்சொற்களைத் திருடுகிறது என்று அது சொல்லவில்லை. நச்சுக் கலப்பில்லாத கள்ளக் கருவிக்கும் மணி அடிக்கும்.

அப்படியானால் தாள் சொல்வது சரிதானே என்று கேட்கலாம். பௌதிக மாணவர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். கெய்கர் எண்ணியின் அருகே கதிரியக்கப் பொருளை வைத்தாலும் ஒரே எண்ணிக்கை, எடுத்துவிட்டாலும் அதே எண்ணிக்கை என்று வந்தால் அந்த எண்ணியைப் பற்றி நீங்கள் என்ன சொல்வீர்கள்? "பொருளில் கதிரியக்கம் இல்லை என்று நிறுவப்பட்டது" என்றா ஏட்டில் எழுதுவீர்கள்? எண்ணி பழுது, இதை வைத்து எதையும் முடிவு கட்ட இயலாது என்றுதானே எழுதுவீர்கள்! கள்ளக் கருவியின் விஷயத்தில் தடுப்பு மென்பொருளின் கதி அதுதான். நஞ்சு இருந்தாலும் மணி அடிக்கிறது, இல்லாவிட்டாலும் அடிக்கிறது. ஆகவே மணியோசையிலிருந்து அறியக்கூடியது எதுவுமில்லை. தாளின் ஆசிரியரோ "அறிய முடியவில்லை" என்பதை எடுத்து "ஆபத்தில்லை" என்று மாற்றி உங்கள் கையில் கொடுக்கிறார். எனக்குத் தெரிந்து நூற்றுக்கணக்கானவர்கள் இந்த மாற்றத்தைக் கவனிக்காமல் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். இணையத்தில் நஞ்சு விற்பவனுக்கு இதைவிட வசதியான வேடம் வேறு கிடைக்காது. எந்தப் பொருளுக்கு மணி அடித்தாலும் மக்கள் எழுந்திருக்கமாட்டார்களோ அந்தப் பொருளின் வேடத்தில்தானே அவன் வருவான்?

"நான் இரண்டு வருடமாக வைத்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லையே" என்பது அடுத்த வாதம். இதற்குப் பதில் 2021 டிசம்பரிலேயே கிடைத்துவிட்டது. ரெட் கேனரி என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம், கே.எம்.எஸ்.பிகோ என்னும் புகழ்பெற்ற கள்ளக் கருவியின் பெயரில் கிரிப்ட்பாட் என்ற திருட்டு மென்பொருள் பரவுவதை ஆராய்ந்து வெளியிட்டது. உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் மறையீட்டு நாணயப் பைகளையும் அள்ளிச் செல்வது அதன் வேலை. இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. திருடன் திருட்டு மென்பொருளை மட்டும் நிறுவிவிட்டுப் போகவில்லை. கேட்ட கருவியையும் உண்மையாகவே நிறுவிக் கொடுத்தான். விண்டோஸ் செயல்பட்டது. பயனர் மகிழ்ந்தார். கேட்டது கிடைத்துவிட்டால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள் அல்லவா? நம் மாணவருக்கு நேர்ந்தது கூச்சலிட்டுக்கொண்டு வரும் கொள்ளை. அதனால் அன்றே தெரிந்தது. ஓசையில்லாமல் நடக்கும் திருட்டுக்கு "ஒன்றும் ஆகவில்லை" என்பதுதான் அடையாளமே.

கடவுச்சொல்லிட்ட கோப்பு ஏன் என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: பூட்டிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று வழியிலுள்ள சோதனைச் சாவடிகள் எட்டிப் பார்க்க முடியாது. நிர்வாகி உரிமை பற்றியும் நீட்ட வேண்டியதில்லை. வீட்டுச் சாவிக் கொத்தையும் பீரோச் சாவியையும் சேர்த்துக் கொடுப்பது அது.

மேம்பாடுகளை ஏற்காதே என்ற கடைசி வரி பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கிறது. மேம்பாடு வந்தால் கள்ளச் சாவி செல்லாமல் போய்விடுமோ என்ற அச்சம்தான் காரணம். 2017 மார்ச் 14ஆம் தேதி விண்டோஸின் கோப்புப் பகிர்வுப் பகுதியிலிருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. மே 12ஆம் தேதி, அதாவது சரியாக 59 நாள் கழித்து, வான்னாக்ரை என்ற பணப்பறிப்பு மென்பொருள் அதே ஓட்டையின் வழியாக உலகெங்கும் பரவியது. பிரிட்டனின் மருத்துவமனைகள்கூடத் தடுமாறின. திருத்தத்தை ஏற்றிருந்த கணிப்பொறிகளுக்குள் அந்த ஓட்டை வழியாக அது நுழைய முடியவில்லை. "மேம்பாட்டை நிறுத்து" என்று ஒருவர் அறிவுரை சொல்லும்போது அந்த 59 நாள்களை நினைத்துக்கொள்வது நல்லது.

இதெல்லாம் சில்லறைத் திருடர்களின் விளையாட்டு என்று எண்ணிவிடக் கூடாது. உக்ரேனில் அரசு அலுவலகங்களிலேயே உரிமமில்லாத மென்பொருள் பரவலாக இருந்தது. 2022 டிசம்பரில் மாண்டியன்ட் நிறுவனம், நஞ்சூட்டப்பட்ட விண்டோஸ் 10 நிறுவற் கோப்புகள் அங்கே பரப்பப்பட்டு அரசுக் கணிப்பொறிகளுக்குள் நுழைந்திருப்பதைக் கண்டறிந்து வெளியிட்டது. தானியங்கி மேம்பாடும் உரிமச் சோதனையும் நடக்காதபடி அந்தக் கோப்புகள் முன்கூட்டியே அமைக்கப்பட்டிருந்தன. 2025 பிப்ரவரியில் எக்லெக்டிக் ஐக்யூ என்ற நிறுவனம் இன்னொன்றை வெளியிட்டது. ரஷ்ய ராணுவ உளவுத் துறையைச் சேர்ந்ததாகக் கருதப்படும் சாண்ட்வோர்ம் குழு, நாம் பேசிக்கொண்டிருக்கும் இதே கே.எம்.எஸ். கருவியின் வேடத்தில் உக்ரேனியரின் கணிப்பொறிகளுக்குள் ஒற்று மென்பொருளை அனுப்பியிருக்கிறது என்பது அதன் முடிவு. ஒரு நாட்டின் உளவாளிகள் போர்க்காலத்தில் தேர்ந்தெடுக்கும் வாசல் இது என்றால் அந்த வாசலின் தன்மையை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

வாசகர்களுள் விவரமறிந்த இளைஞர் சிலர் இந்த இடத்தில் மறுப்பார்கள். "நாங்கள் முகம் தெரியாதவன் கொடுக்கும் கோப்பை ஓட்டுவதில்லை. மூலநிரல் திறந்து கிடக்கும் கருவிகள் இருக்கின்றன. படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஓட்டுகிறோம்." மதிக்கத்தக்க வாதம்தான். படிக்கக்கூடிய நிரல், படிக்க முடியாத கோப்பைவிட மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் படித்தவர் எத்தனை பேர்? என் வகுப்பில் கேட்டேன். கருவியைப் பயன்படுத்தியதாகக் கை தூக்கியவர்கள் பதினொருவர். நிரலை ஒரு வரியாவது படித்ததாகக் கை தூக்கியவர் யாருமில்லை. யூனிக்ஸைப் படைத்த கென் தாம்ஸன், டூரிங் விருது ஏற்று ஆற்றி 1984இல் அச்சான உரையில், மூலநிரலைப் படித்தாலும் போதாது என்றே காட்டினார். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மொழிமாற்றியிலேயே கள்ளக் கதவு ஒன்றை ஒளித்துவைக்கலாம், மூலநிரலில் அதன் சுவடே இல்லாதபடி அதைத் தலைமுறை தலைமுறையாகத் தொடரவும் வைக்கலாம் என்று அவர் விளக்கினார். எதையும் நம்பாதே என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கடைசியில் நாம் நம்புவது நிரலை அன்று, அதை எழுதியவரை என்பதே அவர் சொன்னது. நம் தாளிலோ எழுதியவர் பெயரே இல்லை.

இவ்வளவும் சொன்னவன் எதிர்த்தரப்பைச் சொல்லாமல் விட்டால் நடுநிலையாகாது. திருட்டு மென்பொருளின் ஆபத்தைப் பற்றி நாம் பத்திரிகைகளில் படிக்கும் ஆய்வுகளில் பல, மென்பொருள் விற்போர் பணம் கொடுத்துச் செய்வித்தவை. 2017இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வும் மைக்ரோசாஃப்ட் செய்வித்ததே. அதனால் ஆய்வு பொய்யாகிவிடாது. ஆனால் புள்ளிகளை வாங்கும்போது விற்பவர் யார் என்று பார்த்து வாங்க வேண்டும். மேலும், செயல்படுத்தும் முறையே நேர்மையாகப் பணம் கட்டியவரைப் பலமுறை அவமானப்படுத்தியிருக்கிறது. 2007 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்டின் சோதனைக் கணிப்பொறிகளில் நேர்ந்த பிழையால், முறையாக வாங்கிய ஆயிரக்கணக்கானோர் கள்ளப் பிரதி வைத்திருப்பவர்களாக அறிவிக்கப்பட்டனர். 2018 நவம்பரில் பல நாடுகளில் விண்டோஸ் 10 ப்ரோ வைத்திருந்தவர்களின் உரிமம் திடீரென்று செல்லாததாகியது. பணம் கட்டியவனைத் திருடன் என்று சொல்லும் காவற்காரன் மீது மக்களுக்கு மதிப்பு எப்படி வரும்?

விலையும் ஒரு கேள்வி. பழைய மடிக்கணினியைக் கடன்பட்டு வாங்கும் மாணவனிடம், அதன் விலையில் பெரும்பகுதியை இயக்க அமைப்புக்கும் கொடு என்றால் அவன் எங்கே போவான்? நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, கள்ளப் பிரதி என்று அறிந்தே கணிப்பொறி நிரலைப் பயன்படுத்துவோருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. ஆதாயத்துக்காக அல்லாதபோது சிறையில்லாமல் அபராதத்தோடு விடவும் நீதிமன்றத்துக்கு இடமுண்டு. சட்டத்தைக் காட்டி அச்சுறுத்துவது என் வேலையன்று. அப்படி அச்சுறுத்தி எந்த மாணவனும் திருந்தியதாக நான் கண்டதில்லை.

அவனிடம் கேட்கத் தோன்றுவது வேறு கேள்வி: நீ இவ்வளவு ஆபத்தை ஏற்று வாங்குவதுதான் என்ன? விண்டோஸ் 10இலும் 11இலும் செயல்படுத்தாமல் விட்டால், திரையின் மூலையில் அந்த மங்கல் எழுத்துகள் தெரியும். பின்புலப் படம், நிறம் போன்றவற்றை மாற்றும் அமைப்புகள் பூட்டப்பட்டிருக்கும். கணிப்பொறி இயங்கும். பாதுகாப்புத் திருத்தங்களும் வரும். உரிம விதிப்படி அப்படியே வைத்திருப்பது முறையன்று என்பது வேறு விஷயம். ஆனால் திரைக்குப் பின்னால் ஒரு படம் மாட்டும் சலுகைக்காக நம் மாணவர் கடவுச்சொற்கள், படங்கள், ஆய்வு எல்லாவற்றையும் பணயம் வைத்தார் என்பதைத் தாள் எங்கும் சொல்லவில்லை. தாளில் என்னை மிகவும் கோபப்படுத்தியது எழுதப்பட்டவை அல்ல, இந்த எழுதப்படாத வரிதான்.

பௌதிகம் படிப்பவருக்கு வேறு வழியே இல்லையென்றும் சொல்ல முடியாது. லினக்ஸ் விலையின்றிக் கிடைக்கிறது. சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளிலேயே வந்தது. பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பைத்தான், நூபிளாட், லிப்ரே ஆபிஸ் எல்லாம் அதில் ஓடும். குறையும் உண்டு, சில அச்சுப்பொறிகள் மக்கர் செய்யும், சில ஆய்வுக் கருவிகளின் மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால், 11ஐ ஏற்காத பழைய மடிக்கணினிகளை வைத்திருப்போர் எப்படியும் யோசிக்கத்தான் வேண்டும்.

மாணவரின் அளவீடுகள் என்னவாயின என்று சொல்லவில்லையே. நாளுக்கொரு கோப்பாகப் பிரித்து வை என்று நான் பலமுறை சொல்லியிருந்தேன். சோம்பலால் அவர் 47 நாளையும் ஒரே கோப்பில் எழுதிக்கொண்டே போயிருந்தார். ஏறக்குறைய 12 மெகாபைட். வேறு பிரதியும் எடுத்து வைக்கவில்லை. அதைக் கேட்காமல் விட்டது என் குற்றம். டிஜேவு வேகத்துக்காக ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறது: ஒவ்வொரு கோப்பிலும் முதல் 1,53,605 பைட்டு வரைதான் அது கைவைக்கும். ஆய்வேட்டின் அத்தியாயங்கள், வீட்டுப் புகைப்படங்கள் எல்லாம் போயின. சிறு கோப்புகள் முழுக்கவே போயின. அளவீட்டுக் கோப்பில் மட்டும் அந்த எல்லைக்குப் பிறகு வரிகள் இருந்தபடியே இருந்தன. ஒரு வரிக்கு 30 எழுத்து, பத்து விநாடிக்கு ஒரு வரி. கணக்குப் போட்டால் இழந்தது முதல் 14 மணி நேரமும் சில நிமிடமும் மட்டுமே. என் சொற்படி நாளுக்கொரு கோப்பாக வைத்திருந்தால் 47 நாளிலும் பாதிக்கு மேல் போயிருக்கும்.

முதல் நாள் காலை 10 மணிக்கு அளவீடு தொடங்கியது. வரைபடம் நள்ளிரவு 12 மணி 13 நிமிடத்தில் தொடங்குகிறது. வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "ஏன் தம்பி, நடுராத்திரியில் போய் ஆரம்பித்தீர்கள்?" என்று கேட்டார். பையன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு நடந்ததை நடந்தபடி சொன்னார்.